பட்டைமரத்தின் பசி

"பட்டைமரத்துக்கு வயிறு இரையுதுட்டி. பவழமல்லி பொறுக்கப் போனப்ப என் காதால கேட்டேன்" என்று தங்கபுஷ்பம் அக்கா வாய்க்காலின் மேல்படியில் நின்று யாரிடமோ சொன்னது, கீழ்ப்படியில் வேட்டி அலசிக்கொண்டிருந்த குழலியின் காதில் தற்செயலாக விழுந்தது. ரேஷன் கடையில் இன்றைக்குப் பாமாயில் கிடையாது என்று சொல்கிற அதே குரலில்தான் அக்கா அதைச் சொன்னாள், கேட்டவளும், "காலம்பறவேயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். குழலியின் கை மட்டும் தண்ணீருக்குள் அப்படியே நின்றது. மாமனாரின் வேட்டி ஒன்று கையைவிட்டு நழுவி, காற்றடைத்து உப்பி மிதந்து, பாலத்துக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது.

அந்த ஊருக்குப் பஸ் போர்டில் வேறு பெயர் இருக்கிறது. ஆனால் மலையடிவாரத்தில் வண்டி திரும்பியதும் கண்டக்டர் "பட்டைமரம் எல்லாம் எறங்கு" என்றுதான் கத்துவார். கல்யாணப் பத்திரிகையிலும் 'பட்டைமரம் ஸ்டாப் அருகில்' என்று போட்டால்தான் வெளியூர்க்காரர்கள் வழி தப்பாமல் வந்து சேர்வார்கள். காலேஜில் தாவரவியல் படித்துவிட்டு அந்த ஊருக்கு வாழ வந்த குழலிக்கு அது ஏழிலைப்பாலை என்று தெரியும். ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் தேவைப்படவில்லை. வயிறு உப்பினாலும், ஏப்பம் புளித்தாலும், கழிச்சல் கண்டாலும், அதன் பட்டையை உள்ளங்கை அளவுக்கு உரித்து, இடித்து, மிளகும் ஓமமும் போட்டுக் கொதிக்கவைத்து ஒரு மடக்குக் குடித்தால் போதும். கசப்பு காதுவரைக்கும் ஏறி இறங்கும், அதோடு வயிறு மழைவிட்ட வானம் மாதிரி லேசாகிவிடும்.

ஆனால் சும்மா போய் உரித்துவிட முடியாது. மரத்தின்மேல் வெயில் ஏறுவதற்கு முன்னால் போக வேண்டும். கத்தியை மேலிருந்து கீழாக ஓட்டலாமே தவிர மரத்தைச் சுற்றி ஓட்டக் கூடாது. உரித்த பட்டை மண்ணில் விழாமல் கமுகம்பாளையில் ஏந்திக்கொள்ள இன்னோர் ஆள் கூட வர வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், இடது கையை வயிற்றிலும் வலது கையை மரத்திலும் வைத்துக்கொண்டு, கடைசியாகத் தின்றது என்ன என்று மரத்துக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மரம் அதை வாங்கிக்கொள்ளும். அதனால் அந்த ஊரில் யார் என்ன தின்றார்கள் என்பது எந்தக் காலத்திலும் ரகசியமாக இருந்தது கிடையாது. மாலை போட்டு விரதம் இருந்தவர் "அயிரைமீன் குழம்பு" என்று முனகி மாட்டிக்கொண்டதும், அடுத்தவன் தோப்புப் பலாப்பழத்தைத் தின்றவன் அதைச் சொல்லி முடித்துத் திரும்பிப் பார்க்க, பாளையோடு நின்றது அந்தத் தோப்புக்காரராகவே இருந்ததும் அங்கேதான்.

இலை சமைத்த சாப்பாடு பட்டையின் உள்பக்கமாகத்தான் வேருக்கு இறங்கும், சுற்றி உரித்தால் மரம் பட்டினி கிடந்து சாகும் என்று குழலி பாடத்தில் படித்திருந்தாள். புத்தகமும் ஊர் வழக்கமும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததில் அவளுக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் எதையுமே யாரிடமும் சொன்னதில்லை. குற்றாலத்து அம்மனின் பெயரைக் குழல்வாய்மொழி என்று முழுசாக வைத்தார்கள். வாய்தான் திறக்கவில்லை என்று அவளைப் பெற்றவளே சலித்துக்கொள்வாள்.

போன தை மாதம் அவளைக் கல்யாணம் செய்துகொண்ட காசி, நெல்லையப்பண்ணாச்சியின் மகன். அண்ணாச்சி கல்யாணச் சமையல்காரர். அவருக்குத் தோதாக முகூர்த்தத்தைத் தள்ளிவைத்த வீடுகள் சுற்றுவட்டாரத்தில் உண்டு. பந்தி முடிந்து கை கழுவி வருகிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு மடக்குப் பட்டைக் கஷாயம் கொடுத்து அனுப்புவது அவர் வழக்கம்; அவர் பெயர் வாங்கியது சாம்பாராலா கஷாயத்தாலா என்று இன்றுவரை யாரும் தீர்த்துச் சொன்னதில்லை. கல்யாண வீட்டில் தன் ஆட்கள் யாரும் கை நனைக்கக் கூடாது, அங்கிருந்து ஒரு பருக்கை சோறுகூடத் தன் வீட்டுக்கு வரக் கூடாது என்பது அவருடைய இன்னொரு கண்டிப்பு.

அதனால் அப்பாவும் மகனும் வேலையாட்களும் வீட்டுக்கு வரும்போது நல்ல பசியோடு வருவார்கள். நேரம் காலம் கிடையாது. மாமியார் வள்ளிமயிலுக்குக் கை தாராளம். "இன்னும் ஒரு கரண்டிய்யா, வளருத பிள்ளைல்லா" என்று நரைத்த சமையலாட்களான தவசிப்பிள்ளைகளுக்கும் அள்ளி அள்ளி வைப்பாள். எல்லாரும் ஏப்பம் விட்டு எழுந்திருக்கும்போது பானையின் அடி தெரியும். "சாப்ட்டியாட்டி?" என்று குழலியைக் கேட்கத்தான் செய்வாள். "ஆச்சு அத்தை" என்பாள் குழலி. கேட்டவளுக்கு அதோடு அது முடிந்துவிடும், ஏனென்றால் வள்ளிமயிலுக்குப் பசிப்பதே இல்லை. காலையில் ஒரு தம்ளர் காபி, மத்தியானம் கையளவு சோறு, பிறகு வெற்றிலை. "இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த வருசம் பட்டை குடிச்சேன், பாத்துக்க. அன்னைக்கோட பசின்னு ஒண்ணு என்கிட்ட கிடையாது" என்று வாய்க்கால் படியில் பெருமையாகச் சொல்லுவாள். பசி என்பது மீசை மாதிரி ஆண்களுக்கு வருகிற ஒன்று என்று அவள் நினைத்திருந்தாள்.

குழலிக்கோ பசித்தது. விடியும்போது பசித்தது, பரிமாறும்போது பசித்தது, பாத்திரம் கழுவும்போது ரொம்பப் பசித்தது. அவள் வயிற்றுக்கென்று ஒரு சத்தம் இருந்தது: முதலில் கிணற்றில் வாளி இறங்குவதுபோல் நீளமாக ஒன்று, பிறகு குட்டையாக இரண்டு, கடைசியில் துருப்பிடித்த கீல் திறக்கிற மாதிரி ஒரு இழுப்பு. பந்தியில் யாருக்கும் அது கேட்டுவிடக் கூடாதே என்று அந்தக் கீல் திறக்கிற நேரம் பார்த்துக் கரண்டியைத் தரையில் போடுவாள். "மருமகளுக்குக் கை நிக்காது" என்று வள்ளிமயில் சிரிப்பாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் வயிறு எரிந்து சுருண்டு, மஞ்சளாக வாந்தியெடுத்தாள்.

"அஜீரணம்" என்றாள் வள்ளிமயில், நெற்றியைத் தொட்டுப் பார்த்து. "நேத்து எண்ணெய்க் கத்திரிக்காய ஒரு பிடி பிடிச்சிருப்பே. போ, தங்கபுஷ்பத்தைக் கூட்டிட்டுப் போயி பட்டை உரிச்சிட்டு வா."

மரத்தடியில் தங்கபுஷ்பம் அக்கா பாளையை ஏந்திக்கொண்டு நின்றாள். "சொல்லுட்டி. என்ன தின்னே? வெயிலு ஏறுதுல்லா."

குழலி ஒரு கையை வயிற்றிலும் ஒரு கையை மரத்திலும் வைத்தாள். ஒன்றும் தின்னவில்லை என்று சொன்னால் அது பாளையோடு நிற்காது, சோறு வடிப்பதற்குள் வாய்க்காலுக்குப் போய்விடும். ஊருக்கெல்லாம் சமைத்துப் போடுகிற வீட்டு மருமகள் பட்டினி என்று படிக்குப் படி பேசுவார்கள். அத்தையின் முகத்தை நினைத்தாள். நேற்று தான் பரிமாறியதை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டு, "பருப்பு, நெய், எண்ணெய்க் கத்திரிக்காய், மாங்காய்ப் பச்சடி, ரசம், ஜவ்வரிசிப் பாயசம்" என்று மரத்திடம் சொன்னாள்.

"அதானே!" என்று எச்சில் விழுங்கினாள் அக்கா. "இவ்வளவையும் போட்டா எந்த வயிறுதான் தாங்கும்?"

அன்றைக்குக் கஷாயம் குடித்ததும் எரிச்சல் நின்றது. எரிச்சலோடு பசியும் நின்றது. மறுநாளும் பசிக்கவில்லை, அடுத்த வாரமும் பசிக்கவில்லை. கரண்டியைப் போட வேண்டிய தேவையே இல்லாமல் போனதில் குழலிக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதிக்குள்தான் தங்கபுஷ்பம் அக்காவின் பேச்சு வந்து விழுந்தது.

ஒரு வாரத்துக்குள் ஊரில் எல்லாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டார்கள், கேட்டதும் பழகிவிட்டார்கள். காலையில் இட்லி வேகிற நேரத்துக்கு ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, விளக்கு வைத்ததும் ஒருமுறை என்று மரம் தவறாமல் இரைந்ததால், பெண்கள் அதை வைத்து உலை ஏற்றினார்கள், பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடிப்பதை நிறுத்தினார்கள், தூங்காத கைக்குழந்தைகளை மரத்தடியில் தொட்டில் கட்டிப் போட்டார்கள். டீக்கடை அருணாசலம் முதல் டீயை மரத்தின் வேரில் ஊற்றிவிட்டுத்தான் கடையைத் திறந்தார். "இத்தனை காலமா தின்னதையெல்லாம் அதுகிட்டச் சொல்லிச் சொல்லி ஆசை காட்டிட்டோம்வே" என்று அவர்தான் முதலில் சொன்னார். "ஒரு நாளாவது ஒரு வாய் கொடுத்தோமா?" ஊருக்கு அது நியாயமாகப் பட்டது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஆகவே வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்து மரத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனார்கள். சைவமா அசைவமா என்று ஒரு தகராறு வந்தது. "பால் வடியுத மரம், சைவந்தான்" என்றார்கள் மேலத்தெருக்காரர்கள். "வேரு மண்ணுக்குள்ள எதைத் தின்னுதுன்னு நீரு கண்டீரா?" என்று கேட்டார்கள் கீழத்தெருக்காரர்கள். கடைசியில் மேற்குப் பக்க வேரில் சாம்பாரும் கிழக்குப் பக்க வேரில் கருவாட்டுக் குழம்பும் வைக்கப்பட்டன. மரம் இரண்டையும் தொடவில்லை. எறும்புகூட ஏறவில்லை. புட்டு வைத்தார்கள், சொதி வைத்தார்கள், பல் போன கிழவருக்குக் கொடுப்பதுபோல் குழைத்து வைத்தார்கள், பிடிவாதக்காரப் பிள்ளைக்குச் செய்வதுபோல் நிலாவைக் காட்டி வைத்தார்கள். எல்லாம் வைத்தபடியே இருந்தன. வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து மரத்தில் காதை வைத்துக் கேட்டு, உள்ளே காற்று என்று சொல்லிவிட்டு, மரத்துக்கு வைத்திருந்த சாப்பாட்டைத் தானே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இரைகிறதோடு நின்றிருந்தால் ஊர் அதை அப்படியே வைத்துக்கொண்டிருக்கும். ஆனால் ஆவணி பிறந்தபோது பட்டை உரியவில்லை. பசித்த வயிறு ஒட்டிக்கொள்வதுபோல் பட்டை மரத்தோடு ஒட்டிக்கொண்டது. கத்தி வழுக்கியது, அரிவாள் மழுங்கியது. கல்யாணச் சீசன் தொடங்கிவிட்டது. நெல்லையப்பண்ணாச்சி கஷாயம் இல்லாமல் நடத்திய முதல் பந்தியில் சம்பந்தி வீட்டார் பாதிப்பேர் பஸ்ஸை வழியில் நிறுத்தி நிறுத்தி ஊர் போய்ச் சேர்ந்தார்கள் என்ற செய்தி அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. போதாததற்கு, மரமும் மெலிந்தது. மூன்று பேர் கைகோத்துக் கட்டிப்பிடிக்கிற அடிமரத்தை இரண்டே பேர் வளைத்துக் காட்டினார்கள். இலைகள் பழுக்காமலே உதிர்ந்தன.

குழலி தன் வளையல் முழங்கைவரைக்கும் ஏறி இறங்குவதைப் பார்த்தாள். ரவிக்கையை இரண்டாவது தடவையாக உள்ளே பிடித்துத் தைத்தாள். ஒருநாள் மத்தியானம், ஊர் உண்டு உறங்குகிற நேரத்தில், குடையை விரித்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். அவளுக்கு அது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். பட்டையில் காதை வைத்தாள்.

கிணற்றில் வாளி இறங்குவதுபோல் நீளமாக ஒன்று. குட்டையாக இரண்டு. பிறகு, துருப்பிடித்த கீல்.

குழலியின் கை தன்னையறியாமல் கரண்டியைத் தேடியது.

அவள் சொன்ன பருப்பையும் பாயசத்தையும் மரம் அவள் வயிற்றில் தேடியிருக்கிறது. அங்கே இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டது. அது மரத்தின் பசி இல்லை. அதனால்தான் எதை வைத்தாலும் மரத்தால் தின்ன முடியவில்லை. தின்ன வேண்டியவளுக்கோ பசிக்கவில்லை. இப்படியே போனால் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் காய்ந்துபோவார்கள் என்று அவளுக்கு விளங்கியது. காதை எடுக்கப் போனவள் நின்றாள். அவள் சத்தத்துக்கும் கீழே, அடிவேரில், இன்னொரு சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ ஆட்டுரல் ஆட்டுவதுபோல் மெதுவாக, பழையதாக, நிற்காமல் சுற்றுகிற சத்தம். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் காசியிடம், அவன் சட்டைக்குப் பித்தான் தைத்தபடி, மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "அந்த மரத்துச் சத்தம் என் வயித்துச் சத்தம் மாதிரியே இருக்கு."

காசி சிரித்தான். "உனக்கு எப்ப வயிறு இரைஞ்சிச்சு? எங்கம்மா கைச்சாப்பாடு தின்னுட்டு?" பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், சாப்பிட்டேல்லா?" என்றான்.

"ஆச்சு" என்றாள் குழலி.

நெல்லையப்பண்ணாச்சி வேறொரு முடிவுக்கு வந்திருந்தார். "ஆளாளுக்கு ஒரு குழம்பக் கொண்டுபோயி வச்சா யாரு தின்னுவா? முறையாப் பந்தி போட்டுப் பரிமாறணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மரத்தடியிலேயே அடுப்பு வெட்டினார். தன் கையாலேயே அவியல் கிளறினார், எரிசேரிக்குத் தேங்காய் வறுத்தார், அடைப்பிரதமனுக்கு வெல்லம் காய்ச்சினார். வேரடியில் மரத்துக்குத் தலைவாழை இலை. அது கை நனைத்ததும் உட்கார ஊர் ஆண்களுக்கு வரிசையாக இலை. பெண்கள் ஓரமாக நின்றார்கள். வள்ளிமயில் சோற்று வாளியோடு நின்றாள். குழலி தண்ணீர்க் குடத்தோடு.

அண்ணாச்சி ஒன்றையும் விடாமல் பரிமாறிவிட்டு மரத்தைக் கும்பிட்டார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மரம் இரைந்தது. இலையில் அப்பளம் நடுங்குகிற அளவுக்கு இரைந்தது. மேலே ஒரு கிளை முறிந்து, அவியல் அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

அவர் ஆயுசில் அவர் போட்ட இலையை யாரும் ஒதுக்கியதில்லை. "என்ன குறைன்னு சொல்லு தாயி" என்றார். "உப்பா, புளியா? நான் திருத்திக்கிடுதேன்." மரத்தைப் பார்த்து அந்த மனுசன் கைகட்டி நின்றதைக் குழலியால் பார்க்க முடியவில்லை. அத்தையைப் பார்த்தாள். வாய்க்கால் படிகள் அத்தனையும் ஆளாக மாறி அங்கே வந்து நிற்பதுபோல் இருந்தது. குடத்தைக் கீழே வைத்தாள். நடந்துபோய், இடது கையை வயிற்றிலும் வலது கையை மரத்திலும் வைத்தாள்.

"ஏட்டி, உனக்கு என்ன? வயித்துவலியா?" என்றாள் தங்கபுஷ்பம் அக்கா.

"ஆடி மாசம் நான் உன்கிட்டச் சொன்னது பொய்" என்றாள் குழலி, மரத்திடம். "பருப்பு இல்ல, கத்திரிக்காய் இல்ல, பாயசமும் இல்ல. அதெல்லாம் நான் பரிமாறுனது. நான் தின்னது இல்ல. அன்னைக்கும் தின்னல்ல. அதுக்கு முந்துன நாளு பானையச் சுரண்டி ஒரு வாய் தின்னேன். எனக்குப் பசிச்சுது. உன்கிட்ட இருக்கது என் பசி. கொடுத்துரு."

ரொம்பச் சின்னக் குரல்தான். ஆனால் அடுப்பு எரிகிற சத்தம் தவிர அங்கே வேறு சத்தம் இல்லை.

கிணற்றில் வாளி இறங்கியது. இந்த முறை அது மரத்துக்குள் இறங்கவில்லை. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு, பிறகு துருப்பிடித்த கீல் ஊர் முழுக்கக் கேட்கத் திறந்தது. குழலியின் கையில் கரண்டி இல்லை. யாரோ ஒருத்தி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். காசி தன் கையிலிருந்த அகப்பையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

குழலி ஆண்களுக்குப் போட்டிருந்த வரிசைக்கு வந்தாள். முதல் இலையில் உட்கார்ந்தாள். தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்.

"அத்தை" என்றாள். "சோறு போடுங்க."

வள்ளிமயில் போட்டாள். காசி பருப்பு ஊற்றினான். குழலி பிசைந்தாள், உண்டாள். தலை குனிந்து, ஆனால் அவசரப்படாமல், ஒரு பருக்கையும் விடாமல் உண்டாள். முடித்துவிட்டு நிமிர்ந்து, "ரசத்துக்குச் சோறு" என்றாள்.

வள்ளிமயில் குனிந்தவள் அப்படியே நின்றாள். மரம் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. வாளியும் கீலும் போன பிறகு, அடியில் இருந்தது மட்டும் தனியாகக் கேட்டது. தூரத்தில் ஆட்டுரல் ஆட்டுகிற சத்தம்.

"இது யாருதுவே?" என்று மெதுவாகக் கேட்டார் டீக்கடை அருணாசலம்.

ஊர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. வள்ளிமயில் குழலியின் இலையில் ரசத்துக்குச் சோறு வைத்தாள். வாளியை நெல்லையப்பண்ணாச்சியின் கையில் கொடுத்தாள். மரத்தருகே போய், ஒரு கையை வயிற்றிலும் ஒரு கையைப் பட்டையிலும் வைத்து, மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்ததுதான் தெரிந்தது. ஆட்டுரல் நின்றது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருட்டி" என்று சொல்லி, பக்கத்து இலைக்கு முன்னால் உட்கார்ந்து, அதில் தண்ணீர் தெளித்தாள்.